தூங்கவில்லை, கண் அசந்தது

மற்றவர்கள் தூங்குவதைப் பார்ப்பதுதான் என் வேலை. மருத்துவமனையின் மூன்றாம் மாடியில் 'தூக்கப் பிரிவு' என்று ஒரு பலகை தொங்கும். அதற்குப் பக்கத்து அறையில் நான் இருப்பேன். இதற்கு மாதம் பிறந்தால் சம்பளம் வேறு தருகிறார்கள் என்றால் உறவுக்காரர்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். "எங்க வீட்டுக்காரரும்தான் நாள் பூரா தூங்கறாரு, வந்து பார்த்துட்டுப் போயேன்" என்பார்கள். இருபது வருடமாக இதே நகைச்சுவை. நானும் இருபது வருடமாகச் சிரிக்கவில்லை.

ஆனால் என் சொந்த அக்கா புருஷனுக்கே தலையில் ஒயர் ஒட்டித் தூக்கத்தைப் பார்க்க வேண்டி வரும் என்று நான் நினைத்ததில்லை.

மாமா பேருந்து ஓட்டுநர். இருபத்தாறு வருடம், ஒரே வழித்தடம், போக வர நாற்பத்தொரு நிறுத்தம். ஓய்வு பெற இன்னும் மூன்று வருடம் இருந்தது. போன மாதம் காலை ஆறு மணி முதல் டிரிப்பில் பேருந்து நடைபாதையில் ஏறி ஒரு விளக்குக் கம்பத்தைச் சாய்த்துவிட்டது. உள்ளே ஆறு பேர் இருந்தார்கள். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. நடைபாதையிலும் ஆள் இல்லை. இன்னும் ஒரு மணி நேரம் கழித்து நடந்திருந்தால் அதே இடத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் நின்றிருப்பார்கள்.

மாமா விசாரணையில் சொன்னது ஒரே பதில்தான். நாய் குறுக்கே வந்தது. பழுப்பு நாய், இடது காது மடிந்திருந்தது, வாயில் ஏதோ பொட்டலத்தைக் கவ்விக்கொண்டு ஓடியது. அந்த ஆறு பயணிகளில் ஒருத்தி என் அக்கா. தினமும் முதல் டிரிப்பில்தான் காய்கறிச் சந்தைக்குப் போவாள். அவளும் நாயைப் பார்த்திருந்தாள். மடிந்த காதைப் பற்றி அவளும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எதிரே பால் இறக்கிக்கொண்டிருந்தவர் மட்டும் நாய், பூனை எதையும் பார்க்கவில்லை என்றார். அந்த ஆளுக்குக் கண்ணில் கோளாறு என்று மாமா முடிவு கட்டிவிட்டார். அதோடு விடவில்லை. நாய்க்கு அடிபட்டிருக்குமோ என்று இரண்டு வாரம் பிஸ்கட் பொட்டலமும் கையுமாக அந்தத் தெருவையே சுற்றி வந்தார்.

பின்சீட்டுக்காரர் ஒருவர், டிரைவர் தலை தொங்கியதைப் பார்த்தேன் என்று எழுதிக் கொடுத்தார். டிப்போவில் உடனே தூக்கச் சோதனைக்கு அனுப்பிவிட்டார்கள்.

இந்தச் சோதனையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இதில் ஆள் தூங்கக் கூடாது. மங்கலான அறை, தலையணை வைத்த கட்டில், சாய்ந்து உட்கார வேண்டும். பேசக் கூடாது, பாடக் கூடாது, கிள்ளிக்கொள்ளக் கூடாது. இப்படி நாற்பது நிமிடம். காலை ஒன்பது, பதினொன்று, மதியம் ஒன்று, மூன்று என்று நான்கு தடவை. நான்கிலும் விழித்திருந்தால்தான் மறுபடி ஸ்டியரிங்கைத் தொடலாம் என்பது அவர்கள் டிப்போ விதி. பக்கத்து அறையில் திரைமுன் உட்கார்ந்து நான் மூளையின் கோடுகளைப் பார்ப்பேன். முப்பது விநாடிக்கு ஒரு பக்கம். ஒரு பக்கத்தில் பாதிக்கு மேல் தூக்கம் என்றால் அது தூங்கிய பக்கம். அப்படித் தொடர்ந்து மூன்று பக்கம் வந்தால் அந்தத் தடவை போச்சு. கடைசியில் ஒரு படிவம் நிரப்புவேன். அதில் இரண்டே கட்டம்: தூங்கினார், தூங்கவில்லை.

சொந்தக்காரரை நான் சோதிக்கக் கூடாது என்று டாக்டரம்மாவிடம் சொன்னேன். இன்னொரு டெக்னீஷியன் பிரசவ விடுப்பில் இருந்தாள். "நீங்க ஒயர் ஒட்டி ஓட விடுங்க. பக்கங்களை நானும் தனியாப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவேன்" என்றார் டாக்டரம்மா. ஆக, எழுதுவதில் நான் தில்லுமுல்லு செய்ய வழியில்லை. அக்கா அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தாள்.

முந்தின நாள் மாலை போன் செய்தாள். "அந்த ரூமுக்குள்ள பேச உன்கிட்ட மைக் இருக்குல்ல?"

"இருக்கு."

"அவர் கண்ணு லேசா சொருகினா, ஒரு இருமல் இருமு."

"அக்கா, சத்தம் போடக் கூடாதுன்னுதான் விதியே."

"பேசச் சொல்லலையே. ஒரு இருமல்தானேடி கேட்டேன். மனுஷிக்கு இருமல் வராதா?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஆனால் என் கல்யாணத்தில், என் பிரசவத்தில், என் புருஷன் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, எல்லாவற்றிலும் முன்னால் நின்றவள் அக்கா. அவள் என்னிடம் எதுவும் கேட்டதே இல்லை. முதல் முறையாகக் கேட்டது ஓர் இருமல். முடியாது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மறுநாள் எட்டரைக்கெல்லாம் மாமா வந்துவிட்டார். சீருடைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார். எண்ணெய்த் தலையில் ஒயர் ஒட்டாது என்று நோட்டீசிலேயே கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. அவரைக் குனிய வைத்து வாஷ்பேசினில் இரண்டு தடவை ஷாம்பு போட்டேன். ஐம்பத்தைந்து வயது ஆள் கண்ணை இறுக மூடிக்கொண்டு "எரியுது, குட்டி" என்றார். எனக்கு நாற்பத்தெட்டு வயது, முன்தலை நரைத்தாயிற்று. இன்னும் அவருக்கு நான் குட்டிதான்.

"நேத்து ராத்திரி நல்லாத் தூங்கினீங்களா?"

"எனக்கென்ன, தலையணையில தலை வச்சா அடுத்த நிமிஷம் தூக்கம். உங்க அக்காதான் புரண்டுக்கிட்டே இருப்பா."

தலையில் எட்டு ஒயர், கண்ணோரம் இரண்டு, தாடையில் இரண்டு. ஒட்டி முடித்ததும் கண்ணாடி கேட்டார். காட்டினேன். "அம்சமா இருக்கேன்" என்றார்.

ஒன்பது மணிச் சோதனையில் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருந்தார். நாற்பது நிமிடமும் விழிப்பு. என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். மனதுக்குள் நாற்பத்தொரு நிறுத்தத்தையும் வரிசையாகச் சொல்லி, ஒவ்வொன்றிலும் வண்டியை நிறுத்தி, ஆளை ஏற்றி இறக்கினாராம். பதினொரு மணிக்கு முப்பத்தோராவது நிமிடத்தில் கோடுகள் கொஞ்சம் தளர்ந்தன. பன்னிரண்டு விநாடி. பதினைந்தைத் தொடுவதற்குள் மூளை தன்னையே உலுக்கிக்கொண்டது. எனக்கு வியர்த்துவிட்டது.

ஒரு மணிச் சோதனைக்கு முன்னால் அரை வயிற்றுக்குத்தான் சாப்பிட்டார். ஆனாலும் மதியம் மதியம்தான். இருபத்திரண்டாவது நிமிடம் கண்ணோரத்துக் கோடுகள் இரண்டும் மெதுவாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட ஆரம்பித்தன. இமைக்குள்ளே கருவிழி மிதக்கிறது என்று அர்த்தம். விழித்திருக்கிற மூளை நெருக்கமாக, படபடவென்று எழுதும். அந்த எழுத்து இப்போது அகலமாகி, சோம்பலாகி, வளைந்து போனது. ஒன்று, இரண்டு, மூன்று என்று நான் எண்ணத் தொடங்கினேன்.

ஏழாவது விநாடியில் எனக்குத் தொண்டையில் அரிப்பு எடுத்தது.

சத்தியமாகச் சொல்கிறேன், நிஜமான இருமல். ஏசிக் காற்றோ, மதியம் சாப்பிட்ட வறுவலின் காரமோ தெரியாது. மைக் என் மூக்குக்கு நேராக இருந்தது. அந்த அறைகளுக்கு நடுவே இருப்பது பலகைச் சுவர், மைக்கே இல்லாமலும் கேட்கும். இருமினால் யாரும் என்னைக் கேள்வி கேட்க முடியாது. மனுஷிக்கு இருமல் வராதா? நான் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். பத்து. பதினொன்று. கண்ணில் தண்ணீர் கொட்டியது. அந்த விளக்குக் கம்பம் ஞாபகம் வந்தது. ஏழு மணிக்கு அங்கே நிற்கிற பிள்ளைகளும் ஞாபகம் வந்தார்கள். பதினான்கு. பதினைந்து. பதினாறு. முதல் பக்கம் போனது. நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது. இரண்டாம் பக்கம். மூன்றாம் பக்கம் முடிந்ததும் எழுந்து வராந்தாவுக்கு ஓடினேன். நான் இருமிய இருமலில் நெஞ்சு நோய்ப் பிரிவிலிருந்து ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன். விளக்கைப் போட்டதும் மாமா கண்ணைத் திறந்தார்.

"முடிஞ்சுதா? அதுக்குள்ள நாப்பது நிமிஷமா?"

"இருபத்தி நாலுதான் ஆச்சு. தூங்கிட்டீங்க மாமா."

"யாரு, நானா? சும்மா இரு."

"மூணு பக்கம் தூங்கியிருக்கீங்க."

"கண்ணு அசந்துச்சு. தூங்கல."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"எப்படி ஒண்ணாகும்? தூங்கறதுன்னா வேற. படுத்து, போர்த்தி, நினைவில்லாமக் கிடக்கறது. இது லேசா கண்ணு அசந்தது. வண்டி ஓட்டறவனுக்குத் தெரியாதா? காதெல்லாம் கேட்டுக்கிட்டேதான் இருந்துச்சு."

படிவத்தைக் காட்டினேன். "இதுல ரெண்டு கட்டம்தான் இருக்கு."

"அப்போ மூணாவதா ஒண்ணு போட்டுக்க. கண் அசந்ததுன்னு எழுது." அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கோபமாகவே சொன்னார். "நான் தூங்கினேன்னா நீ உள்ள வந்தது எனக்கு எப்படித் தெரியும்? வந்து ஏசியைக் குறைச்சியே. பச்சைச் சட்டை போட்டுக்கிட்டு. 'குளிருதா மாமா'ன்னு கேட்டியே. நான்கூடப் பேசக் கூடாதேன்னு தலையை மட்டும் ஆட்டினேன்."

நான் என் உடம்பைப் பார்த்துக்கொண்டேன். காலையிலிருந்து நீலப் புடவை. மேலே வெள்ளைக் கோட்டு. நான் உள்ளே போகவே இல்லை.

எனக்கு அவரிடம் வாதாடத் தெம்பு இல்லை. திரை முன்னால் கூட்டிவந்து உட்கார வைத்து, அறைக் கேமராவில் பதிவானதை ஓட விட்டேன். தன் தூக்கத்தைத் தானே பார்த்தவர்கள் குறைவு. மாமா கட்டிலில் சாய்ந்திருந்தார். இமை தாழ்ந்தது. வாய் திறந்தது. தலை கொஞ்சம் கொஞ்சமாக இடது பக்கம் சரிந்து, அப்படியே நின்றது. கதவு மூடியே இருந்தது. ஏசியை யாரும் தொடவில்லை. தலையும் ஆடவில்லை.

"இன்னொரு தடவை போடு" என்றார்.

போட்டேன். மூன்றாவது தடவையும் கேட்டார். மூன்றாவது தடவை அவர் தன்னைப் பார்க்கவில்லை, கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். யாராவது வருவார்கள் என்று எதிர்பார்ப்பது போல இருந்தது.

"ஆனா நீ வந்தே. நான் பார்த்தேன்."

"மூளை அப்படித்தான் மாமா. தூக்கத்துக்குள்ள நுழையறப்ப கடைசி ரெண்டு மூணு நிமிஷம் நடந்ததை அது எழுதியே வைக்கறதில்ல. எந்த நொடியில தூங்கினோம்னு யாருக்குமே தெரியாது. அந்தக் காலி இடத்துல கையில கிடைக்கறதைப் போட்டு அடைச்சுடும். நீங்க பொய் சொல்லல. உங்களுக்கு அது நிஜமாவே நடந்தது."

மாமா திரையிலிருந்து கண்ணை எடுத்தார். தாடையில் ஒட்டிய ஒயரைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு மிகவும் சாதாரணக் குரலில் கேட்டார்.

"அப்போ அந்த நாயி?"

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பிஸ்கட்டோடு இரண்டு வாரம் அலைந்த மனுஷன்.

"காது மடிஞ்சிருந்துச்சே, குட்டி. வாயில பொட்டலம் வச்சிருந்துச்சே."

"தெரியல மாமா."

"இருபத்தாறு வருஷத்துல இப்படி எத்தனை தடவை?"

"அதுவும் தெரியாது. யாராலயும் சொல்ல முடியாது."

மூன்று மணிச் சோதனை இனி தேவையில்லை என்று சொன்னேன். நாலும் செய்துவிட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். இந்த முறை அவர் எந்த நிறுத்தத்திலும் வண்டியை நிறுத்தவில்லை போலிருக்கிறது. நான்கே நிமிடத்தில் தூங்கிவிட்டார். தூக்கத்தில் மூச்சு ஒரு தடவை சட்டென்று நின்று, பதினெட்டு விநாடி கழித்து ஒரு கேவலோடு திரும்பி வந்தது. அதையும் குறித்துக்கொண்டேன். எழுப்பியதும் தானாகவே, "தூங்கினார்னு டிக் பண்ணு" என்றார். டாக்டரம்மா பக்கங்களைப் பார்த்தார். ராத்திரி மூச்சு நின்று நின்று போவதால் மூளைக்குத் தூக்கமே போதவில்லை, பகலில் திருடிக்கொள்கிறது, மூக்குக்குள் காற்றைத் தள்ளும் மாஸ்க் வைத்துத் தூங்கினால் சரியாக வாய்ப்பு இருக்கிறது, மூன்று மாதம் கழித்து மறுபடி சோதிக்கலாம் என்றார். அதுவரை சைக்கிள்கூட ஓட்டக் கூடாது. மாமா என் மேஜையிலிருந்தே டிப்போவுக்குப் போன் போட்டார். நாய் வரவில்லை, நான் தூங்கிவிட்டேன் என்றார். எதிர்முனையில் என்ன சொன்னார்களோ, "ஆமா சார், தூங்கிட்டேன்" என்று இன்னொரு முறை சொன்னார். பிறகு தலையில் இருந்த பசையைக் கழுவ வாஷ்பேசினுக்குப் போனார்.

இதற்குள் அக்கா வந்து வராந்தா பெஞ்சில் காத்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது.

"நீ இருமலையா?"

"இல்ல."

"அடிப்பாவி. உன்னை இடுப்புல தூக்கிச் சுமந்தேனேடி. ஒரு இருமல். காசா பணமா?"

எனக்கும் வாய் சும்மா இருக்கவில்லை. "பள்ளிக்கூடப் பிள்ளைங்க மேல ஏத்தியிருந்தா அப்பவும் இப்படித்தான் கேப்பியா? இல்லாத நாயை இருக்குன்னு எழுதிக் குடுத்தியே, அது எந்த ஊரு நியாயம்? அவருக்காவது மூளை ஏமாத்திடுச்சு. உனக்கென்ன கேடு?"

வராந்தாவில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பெஞ்சிலேயே விட்டால் ஊரைக் கூட்டிவிடுவோம் என்று அவள் கையைப் பிடித்துச் சோதனை அறைக்குள் இழுத்துவந்து கதவைச் சாத்தினேன். அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை.

"நான் நாயைப் பார்க்கல" என்றாள்.

"அதான் சொல்றேன், பொய்."

"குலுங்கினப்பதான் எனக்கு முழிப்பே வந்துச்சு. அவர் 'நாயி, நாயி'ன்னு கத்தினார். நானும் ஆமான்னேன். இப்ப கண்ணை மூடினா அது எனக்கும் தெரியுது. காதெல்லாம் தெரியுது. அது பொய்யா என்னன்னு எனக்கே தெரியலடி."

"நீ ஏன் தூங்கினே, அந்த நேரத்துல?"

அக்கா விரலால் மெத்தை விரிப்பைச் சுரண்டினாள். "நான் சந்தைக்கா போனேன்னு நினைக்கிறே? வாசல்லயே வண்டியில காய் வருது. ஒரு வருஷமா தினம் முதல் டிரிப்புல அவருக்கு நேர் பின்சீட்டுல உட்கார்ந்துட்டுப் போறேன். தலை ஆடிச்சுன்னா தோள்ல தட்டுவேன். 'ஏங்க, இன்னிக்கு வெயில் அதிகமா இருக்கும் போலிருக்கே'ன்னு ஏதாவது கேப்பேன். அவருக்குச் சந்தேகமே வந்ததில்ல. ராத்திரியில மூச்சு நின்னு நின்னு போகும். அப்பவும் தட்டுவேன். தட்டினா மூச்சு வரும். அப்புறம் நான் அடுத்ததுக்குக் காத்துக்கிட்டு இருப்பேன்."

"ராத்திரியில இப்படி எத்தனை வருஷமா?"

"சின்னவன் பிறந்ததுல இருந்து."

சின்னவன் இப்போது காலேஜ் முடிக்கப் போகிறான்.

"அன்னிக்கு மட்டும் ரெண்டு நிறுத்தத்துக்கு என்னால முடியல. அவ்வளவுதான். அவர் தூங்கினதுல தப்பில்லடி. நான் தூங்கினதுதான்."

இருபது வருடமாக ஊரார் தூக்கத்தையெல்லாம் பார்த்துப் பக்கம் பக்கமாக எழுதிவைத்தவள் நான். என் அக்கா தூங்குகிறாளா என்று ஒரு நாள் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது. அதை அவளிடமும் சொன்னேன்.

"போடி, நீ கேட்டா மட்டும் சொல்லியிருப்பேனா? லைசென்ஸைப் பிடுங்கியிருப்பாங்க" என்றாள். பிறகு தலையணையைத் தட்டிச் சரிசெய்தாள். "அவர் தலையைக் கழுவிட்டு வரட்டும். அதுவரைக்கும் அஞ்சு நிமிஷம் சாயறேன்."

அவளுக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. மாமா துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தவர் அவளைப் பார்த்து வாசலிலேயே நின்றார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எழுப்பாதே. நான் முழிச்சுப் பார்த்துக்கறேன். நீ போய் உன் வேலையைப் பாரு" என்று கிசுகிசுத்தார். நான் வாசலிலேயே நின்றேன். கொஞ்ச நேரத்தில் அவர் தலையும் சாய்ந்தது. குறட்டை ஏறியது. ஏறி, சட்டென்று அறுந்தது.

நான் விநாடி எண்ணத் தொடங்கினேன். ஒன்பது வரை எண்ணியிருப்பேன். அக்கா கண் திறக்கவில்லை. அவள் மூச்சுகூட மாறவில்லை. கை மட்டும் கட்டிலிலிருந்து நீண்டு, துழாவி, அவர் முழங்காலில் இரண்டு தட்டு தட்டியது. மாமாவுக்கு மூச்சு வந்தது. கை அங்கேயே கிடந்தது.

எனக்கு அழுகை வந்தது. அழுதேன். பிறகு உள்ளே போய் அந்தக் கையை எடுத்து அவள் நெஞ்சோடு வைத்துப் போர்த்திவிட்டேன். இன்னொரு நாற்காலியை மாமாவுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். அடுத்த தடவை மூச்சு நின்றபோது நான் தட்டினேன்.